பட்டாளத்தான் கிடந்த இடம்

உக்காரு மக்களே. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காரு. பை கீழயே இருக்கட்டும்.

நீ எதுக்கு வந்திருக்கன்னு போன்ல சொன்ன உடனே எனக்கு வெளங்கிச்சு. அந்த மீனு. மூக்குல ரெண்டு கொம்பும் மேலெல்லாம் ஓடும் உள்ள மீனு. ஜான் தங்கையா சார் எழுதின மீனு. அது எங்க கிடக்குன்னு கேக்க வந்திருக்க. சொல்லுகேன். ஒண்ணும் ஒளிக்கமாட்டேன். ஆனா முதல்லருந்து கேக்கணும். நடுவுல அந்தக் காகிதத்தை எடுத்து வாசிச்சுக் காட்டக் கூடாது. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்.

நான் முப்பத்தொண்ணு வருசம் விசைப்படகுல டிரைவரா இருந்தவன், சேசடிமை டிரைவர்னா துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும். கொல்லத்து முதலாளியோட போட்டு, வேலைக்காரங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்க. ஆழக்கடல்ல செவப்பு றால் இழுக்கப் போவோம். எந்தம்பி அருளப்பன் என் போட்டுலதான் இருந்தான். என்னவிட பதினாலு வயசு இளையவன். அம்மா செத்தப்ப அவனுக்கு ஆறு வயசு. நான்தான் வளத்தேன். நானும் இவளும். உள்ள இருக்கா பாரு, எம்பொண்டாட்டி செறுபுஷ்பம், அவளுந்தான். கேட்டுட்டுத்தான் இருப்பா. இந்தக் கதைய நான் எடுத்தா அவ வெளிய வரமாட்டா.

அந்த மீனு வலையோட மடியில, கடைசிப் பையில, வரும். றாலோட, சேத்தோட, நூறு சாமானோட வரும். ஒரு சாண் இருக்கும். நல்ல செவப்பு. செதிலே கிடையாது, கேட்டியா, ஓடுதான். ஓடுகள வரிசை வரிசையா அடுக்கி வச்ச மாதிரி. ஒவ்வொரு ஓட்டுலயும் ஒரு முள்ளு. தாடைக்குக் கீழ தாடி. கையில எடுத்தா கிழிச்சிரும். திங்க ஒண்ணும் இல்ல உள்ள. எல்லாரும் கால்ல தட்டிக் கழிவு மீன் குவியல்ல விட்ருவாங்க. நானும் அப்படித்தான்.

அருளப்பன் மட்டும் பொறுக்கி எடுப்பான். அவன்தான் அதுக்குப் பட்டாளத்தான்னு பேரு வச்சது. "அண்ணேன், பாத்தியா, மேலெல்லாம் இரும்புச் சட்டை போட்டுட்டு நிக்கான்"னு சொல்லுவான். ஒரு நாள் ஒண்ணு உசுரோட வந்திச்சு. அதைக் கடல்தண்ணி பிடிச்ச தொட்டியில விட்டான், அடியில கொஞ்சம் சேத்தையும் போட்டு. அது நீந்தல்ல மக்களே. நடந்திச்சு. செட்டைக்குக் கீழ பக்கத்துக்கு ரெண்டு விரலு மாதிரி இருக்கும், அத ஊணி ஊணி நடந்திச்சு. தாடிய வச்சு சேத்தைத் தடவித் தடவிப் போச்சு, கண்ணு தெரியாத மனுசன் கம்பு வச்சுத் தடவுகது போல. ஒரு ஏழெட்டு நிமிசம். பிறகு செத்துப் போச்சு. அவ்வளவு ஆழத்துலருந்து வந்தது பிழைக்குமா. அவன் அன்னைக்குச் சோறு திங்கல்ல. ஒரு மீனுக்கு. நான் நல்லா ஏசினேன்.

செத்ததை அவன் கேபின் மேல காயப் போடுவான். மத்த மீனு காஞ்சா சுருங்கும். இது சுருங்காது, ஓடு இருக்குல்லா. உசுரோட இருந்த மாதிரியே இருக்கும். ஒண்ண நைலான் நூல்ல கோத்து என் ஸ்டியரிங்குக்கு முன்னால கட்டிவிட்டான்.

இந்த மீனு எல்லா இடத்துலயும் கிடைக்காது. எனக்குத் தெரிஞ்சு ஒரே இடம். கரையிலருந்து ஒம்பது மணிக்கூர் ஓட்டம். நூத்தி எழுபது பாகம் ஆழம், ஆயிரம் அடிக்கு மேல. ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல ஒரு சேத்துத் தரை, ஓடை மாதிரி, ரெண்டு மைல் நீளம் இருக்கும். பச்சைச் சேறு. மேல வந்தா அழுகின முட்டை வாடை வரும். பாறை ஓரத்துல கடல்விசிறி, பவளம் எல்லாம் உண்டு. கொஞ்சம் விலகினா வலை போச்சு. அதனால மத்த டிரைவர்மாரு அங்க வரமாட்டாங்க. எனக்கு அது கை வந்த இடம்.

கை வந்த இடம்னு சொன்னேன்லா. அங்கதான் அருளப்பன் போனது.

கார்த்திகை மாசம். நல்லா வெளிச்சம் வந்தாச்சு, காலைக் கட்டஞ்சாயா குடிச்சு முடிச்ச நேரம். வலை பாறையில பிடிச்சிட்டு. அந்த மாதிரி நேரத்துல டிரைவர் என்ன செய்வான்? எஞ்சினக் கூட்டி இழுத்துப் பாப்பான். எந்த டிரைவரும் அதத்தான் செய்வான். நான் கூட்டினேன். வலை வயர் அறுந்து சாட்டை மாதிரி சுத்தி வந்திச்சு. அருளப்பன் வயர் சுத்துத வின்ச்சுக்குப் பக்கத்துல நின்னான். தண்ணியில விழுந்த சத்தம்கூட எனக்குக் கேக்கல்ல.

அங்க நிக்காத லேய்னு நான் கத்தினேன். கத்தினேன்னுதான் நினைக்கேன். எங்கூட இருந்த ஒருத்தன் பிறகு சொன்னான், "அண்ணேன், நீங்க ஒண்ணும் சொல்லல்ல"ன்னு. அவனுக்கு என்ன தெரியும். அவன் முன்னால நின்னான்.

மூணு நாள் தேடினோம். பதினெட்டு போட்டு வந்திச்சு. கிடைக்கல்ல. அருளப்பனுக்கு இருபத்தாறு வயசு. தை மாசம் கல்யாணம் வச்சிருந்தோம்.

எங்க ஊர்ல கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரியும் பூவும் கொண்டு கல்லறைக்குப் போவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம் இருக்கும், குனிஞ்சு ஒரு திரி கொளுத்த. எங்களுக்கு இல்ல. செறுபுஷ்பம் திரிய கையில வச்சுட்டு நிப்பா, எங்க வைக்கணும்னு தெரியாம. ஒரு வருசம் எங்க அம்மா கல்லறையில வச்சா. அது அம்மாவுக்கு உள்ளதுல்லா.

அப்பதான் மீன் ஆராய்ச்சி பண்ணுத அந்த சார் வந்தாரு.

துறைமுகத்துல மீனு பாத்துட்டே வந்தவரு என் போட்டுக்கு முன்னால நின்னுட்டாரு. நூல்ல தொங்குத மீனைப் பாத்துட்டு, "இது எங்க கிடைச்சது?"ன்னு கேட்டாரு. நான் எந்தம்பி கட்டினதுன்னு சொன்னேன். தம்பி எங்கன்னு கேட்டாரு. சொன்னேன்.

அவரு அந்த மீனைக் கேக்கல்ல, பாத்துக்கோ. மத்தவன்னா கேட்டிருப்பான். இவரு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாரு. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு அருளப்பன் போட்டோவுக்கு முன்னால கொஞ்ச நேரம் நின்னாரு. இவ மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வச்சா, கையால பிசைஞ்சு தின்னாரு. பிறகுதான் சொன்னாரு. இந்த மீனை உலகத்துல இதுவரை யாரும் எழுதல்ல. நான் எழுதப் போறேன். இதுக்கு நான்தான் பேரு வைக்கணும். உங்க தம்பி பேரு வைக்கட்டுமா?

இவ அழுதுட்டா. நானும்தான்.

"உலகம் இருக்கும் வரைக்கும் அந்தப் பேரு நிக்குமா சார்?"னு கேட்டேன்.

"நிக்கும். இனி யாரும் மாத்த முடியாது"ன்னாரு.

கல்லறையில கல்லு வச்சாக்கூட மழையில எழுத்து அழியும். இது அழியாது. நான் அந்த மீனை நூலோட அவுத்துக் கொடுத்தேன். அருளப்பன் காயப் போட்டு வச்சிருந்த இன்னும் மூணையும் கொடுத்தேன். எழுத்துப்பிழை வந்திரக்கூடாதுன்னு கோவில்லருந்து ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்டாரு. அதையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றரை வருசம் காத்திருந்தோம். ஒரு நாள் பேப்பர்ல வந்திச்சு. மீன் படமும் சார் படமும். செறுபுஷ்பம் பத்து வரைக்கும் படிச்சவ, அவதான் வாசிச்சா. வாசிச்சுட்டே வந்து நின்னுட்டா.

"என்ன?"ன்னேன்.

"ஜோன்னிஸ்னு போட்டிருக்கு."

"அருளப்பன்னு இல்லியா?"

"இல்ல. ஜோன்னிஸ்னு இருக்கு. ஜான் போலத்தான் இருக்கு."

அவரு பேரு ஜான் தங்கையா. பிறகு என்ன வேணும்? எந்தம்பி பேரைச் சொல்லி மீனை வாங்கிட்டு அவரு பேரை வச்சுட்டாரு. என் வீட்டுல உக்காந்து, எந்தம்பி போட்டோவப் பாத்துட்டு, எங் கையால வாங்கிட்டுப் போயி.

இவ சொன்னா, "ஒரு போன் போட்டுக் கேளுங்க. ஒரு வார்த்தை கேட்டுருங்க"ன்னு. என்னத்தக் கேக்க? ஒரு வாரம் கழிச்சு தபால்ல ஒரு கவர் வந்திச்சு, உள்ள அஞ்சாறு பக்கம் இங்கிலீசு, கூட அவரு கைப்பட ஒரு கடுதாசி. நான் பிரிச்சுப் பாக்கல்ல. அப்படியே அடுப்புல வச்சேன். இவ கையப் பிடிச்சா, தட்டிவிட்டேன். அவரு போன் போட்டாரு. எடுக்கல்ல. அவரு போட்டுட்டே இருந்தாரு, நான் எடுக்காமலே இருந்தேன். உள்ளுக்குள்ள ஒண்ணு மட்டும் ஓடிட்டே இருந்திச்சு. சாரே, நீ ஒரு நாள் எங்கிட்ட வருவ. அந்த இடம் உனக்குத் தெரியாது.

வந்தாரு. கேமரா கொண்டு போயி அந்த மீனை அதோட இடத்துலயே படம் பிடிக்கணுமாம். முட்டை வைக்கது எப்படி, எத்தனை இருக்கு, எல்லாம் பாக்கணுமாம். பாத்துட்டா அரசாங்கத்துல சொல்லி அந்த இடத்துல யாரும் வலை இழுக்கக்கூடாதுன்னு உத்தரவு வாங்குவாராம். "அருளப்பன் கிடக்கிற இடம், சேசடிமை. அதை யாரும் கலக்கக்கூடாது"ன்னாரு. எங்கிட்டயே சொன்னாரு.

நான் சிரிச்ச முகமா, "வாங்க சார், கூட்டிட்டுப் போறேன்"னேன்.

இடத்தை விட்டு பதினொரு மைல் தெக்கால கொண்டு போனேன். வெறும் மணலு. தும்பிலி மீனைத் தவிர அங்க ஒண்ணும் வராது. மூணு நாள் கேமராவ இறக்கி ஏத்தினாரு. அவருகிட்டப் படிக்குத நாலு பேரு, வாந்தி எடுத்துட்டே அந்த டிவியப் பாத்துட்டு இருந்தாங்க. மணலு, மணலு, மணலு. மூணாம் நாள் அவரு எங்கிட்ட வந்து மெல்ல கேட்டாரு, "இடம் இதுதானா?"

"இதுதான் சார். இங்கதான் எந்தம்பி விழுந்தான்."

எந்தம்பிய வச்சே சொன்னேன். அவரு அங்கயே தொப்பியக் கழத்திட்டு நின்னாரு. அந்த வெறும் மணலுக்கு மேல. கூட வந்த நாலு பேரும் நின்னாங்க. எனக்குச் சிரிப்பு வரல்ல, அழுகையும் வரல்ல. ஒரு மாதிரி திருப்தி.

நான் கொடுத்த ஜி.பி.எஸ் நம்பரையே அவரு எழுதிப் போட்டாரு. அடுத்த வருசம் ஒரு பெரிய கப்பல் அந்த நம்பருக்குப் போச்சு, ரெண்டு வாரம் தேடிச்சு. ஒண்ணுமில்ல. பிறகு ஒரு கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால ஒருத்தன் எழும்பிக் கேட்டானாம், இந்த மீனு நம்ம கடல் மீனுதானா, இல்ல வெளியூர்லருந்து வாங்கி வந்து எழுதினீங்களான்னு. துறைமுகத்துல சர்வே எடுக்க வர்ற பையன்தான் எனக்குச் சொன்னான். நான் அவனுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சார் அதுக்கு என்ன சொன்னாருன்னு கேட்டேன். கண்ணாடியக் கழத்தித் தொடைச்சாராம். வலை இழுக்கக்கூடாதுங்கிற உத்தரவும் போச்சு. அந்த ஃபைல மூடிட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம்னு இவ சொல்லுவா. அதோட விட்டா எப்படி? அவரு பேரு அங்க நடந்துட்டுல்லா இருக்கு. நூத்தி எழுபது பாகத்துல, எந்தம்பிக்குப் பக்கத்துல, அவரு பேரு ஊணி ஊணி நடந்துட்டு இருக்கு. வேற ஒருத்தன் வந்து எடுத்தான்னா எல்லாம் திரும்பவும் அவருக்கு நல்லதாப் போயிரும்.

அருளப்பன் போனதுக்குப் பிறகு நான் அந்த இடத்துல வலை போட்டதே இல்ல. ஆறு வருசம். போட்டு அந்தப் பக்கம் போனாலே கையெடுத்துக் கும்பிட்டுட்டுத் திருப்பிருவேன். அந்த வருசம் போட்டேன்.

முதல் இழுவையில நாப்பது அம்பது பட்டாளத்தான். குஞ்சு, தாய், எல்லாம். ஆறு வருசமா யாரும் தொடாம கிடந்ததுல்லா. றாலும் அள்ளு அள்ளுன்னு வந்திச்சு. முதலாளி எனக்கு வாட்ச் ஒண்ணு வாங்கித் தந்தாரு. போட்டுல உள்ளவனுக ஒருத்தனும் எங்கிட்டப் பேசல்ல. அருளப்பன் விழுந்த இடம்னு அவனுகளுக்கும் தெரியும். ரெண்டு பேரு கரைக்கு வந்ததும் வேற போட்டுக்குப் போயிட்டானுக. போகட்டும்.

எட்டு சீசன் இழுத்தேன். பூட்ஸ் போட்டு மிதிச்சா அந்த ஓடு சளக்குன்னு உடையும். ஒவ்வொண்ணா மிதிச்சுத்தான் கழிவுல தள்ளுவேன். பாறை ஓரத்துல இருந்த கடல்விசிறி, பவளம் எல்லாம் உடைஞ்சு உடைஞ்சு மடியில வந்திச்சு, ஓடை அகலமாச்சு, வலை பிடிக்காமப் போச்சு, இழுக்கச் சுகமாச்சு. அம்பது வந்த இடத்துல இருபது, பிறகு அஞ்சு, பிறகு ஒண்ணு. ஓகிப் புயல் அடிச்ச வருசம் ரெண்டு. அதுக்குப் பிறகு மூணு சீசன் ஒண்ணுகூட வரல்ல. கடைசியில றாலும் வரல்ல. சேத்துல அந்த வாடைகூட இல்ல, கேட்டியா. வெறும் களி.

ஒவ்வொரு மடியையும் நான்தான் அவுப்பேன். மத்தவனத் தொட விடமாட்டேன். எதுக்குன்னு கேக்காத. ஒரு பெல்ட்டு பக்கிளோ எதுவோ வந்தா என்னன்னு இருந்திச்சு. ஒண்ணும் வரல்ல.

அந்தக் காகிதத்தை எடுக்காதன்னு சொன்னேன்லா. சரி, கேளு, சொல்லுகேன். பிறகு கோவிலுக்குப் புதுசா ஒரு பங்குத்தந்தை வந்தாரு. பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்தைப் பிரிச்சப்போ எந்தம்பி பேரு உள்ள பக்கத்துல அந்த இங்கிலீசுக் காகிதம் இருந்திச்சாம். சார் கோவிலுக்கும் ஒண்ணு அனுப்பியிருக்காரு. சாமி என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு வாசிச்சாரு. இந்த மீனை முதல்ல அடையாளம் கண்டு, அந்தக் கடல்லயே உயிர் விட்ட மீனவர் அருளப்பன் நினைவாகன்னு. பைபிள்ல வர்ற அருளப்பரைத்தான் இங்கிலீசுல ஜான்னு சொல்லுவாங்களாம், அருளப்பன்னா ஜான்தானாம். புஸ்தகத்துல லத்தீன்ல யோவான்னஸ்னுதான் இருக்காம். மீனுக்குப் பேரு லத்தீன்லதான் வைப்பாங்களாம், ஜோன்னிஸ் அதுலருந்து வந்ததாம். யாரும் சொந்தப் பேரைத் தானே வச்சுக்கிடமாட்டாங்களாம்.

"புரியுதா சேசடிமை?"ன்னு கேட்டாரு.

"எந்தம்பிய இந்த ஊர்ல ஒருத்தரும் ஜான்னு கூப்பிட்டதில்ல சாமி"ன்னேன். "அந்தப் பேரைச் சொல்லி நீங்க கூப்பிட்டா அவன் திரும்பிப் பாக்கமாட்டான்."

சாமி புஸ்தகத்தை மூடினாரு. நான் வந்துட்டேன். வீட்டுல இவகிட்ட அதைச் சொன்னேன். அன்னைக்கு உள்ள போனவதான். சோறு வைப்பா, துணி துவைப்பா. இந்த விசயத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பொம்பளைங்களுக்கு ஒரு நியாயத்தை முழுசாப் பாக்கத் தெரியாது.

போன வருசம் கோவில் திருநாள் கொடியேத்தம் முடிஞ்சு நாலாம் நாள் சார் வந்தாரு. உன்ன மாதிரித்தான், பஸ்ஸுல. கையில கம்பு. கண்ணு அவ்வளவாத் தெரியல்ல. இந்தா, நீ இருக்க இடத்துலதான் உக்காந்தாரு. சாயா குடிக்கல்ல. அருளப்பன் போட்டோ எங்க இருக்குன்னு கேட்டு அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்தாரு.

"சேசடிமை, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். நீங்க என்னைக் கூட்டிட்டுப் போனது சரியான இடந்தானா?"

சாமி வாசிச்சதுக்கு அப்புறம்தான் இது, கேட்டியா. எனக்கு எல்லாம் தெரியும். உள்ள பாத்திரம் கழுவிட்டு இருந்த சத்தம் நின்னுட்டு. இவ கேக்கா.

"சரியான இடம்தான் சார்"னேன்.

அவரு தலையாட்டினாரு. "அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்"னாரு. "உங்க தம்பிக்குச் செஞ்சது சரியா அமையல்ல. மன்னிச்சிருங்க." கம்பை ஊணி எழும்பினாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனது செறுபுஷ்பம்தான். நான் போகல்ல. அவ திரும்பி வர ரெண்டு மணிக்கூர் ஆச்சு. என்ன பேசினாங்களோ. கேட்டேன், சொல்லல்ல. உனக்கு எங்க புது போன் நம்பர் அவரு தந்தது, இல்லியா? அவருக்கு யாரு கொடுத்திருப்பான்னு எனக்குத் தெரியும். கொடுக்கட்டும்.

நீ அவருகிட்டப் படிச்சியா? சரி, சரி. சொல்ல வேண்டாம். முகத்தைப் பாத்தா தெரியுது.

நோட்டை எடு. உண்மையான நம்பரைத் தாறேன், முப்பத்தொண்ணு வருசம் ஓடினவனுக்கு மறக்குமா. எழுதிக்கோ. கப்பல் கொண்டு போங்க, கேமரா கொண்டு போங்க. ஒண்ணும் இருக்காது. நான் ஒண்ணும் மிச்சம் வைக்கல்ல. ஆனா இடம் அதுதான்னு எழுதலாம். சார் பொய் சொல்லல்லன்னும் எழுதிக்கோ, எனக்கு ஒண்ணுமில்ல. அவரு வாசிக்கட்டும். அவருக்கு வாசிச்சுச் சொல்ல யாராவது இருந்தா.

பதிலுக்கு நீ எனக்கு ஒண்ணு செய்யணும். மீனைக் கண்டுபிடிச்சவன் பேரு, எழுதினவன் பேரு, எல்லாம் போடுகீங்கல்லா. அதை இல்லாம ஆக்கினவன் பேரையும் போடணும். சேசடிமை, அருளப்பனுக்கு அண்ணன். அப்படியே போடணும், லத்தீன் ஒண்ணும் வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல இருக்கணும். நானும் எந்தம்பியும்.

எழுது மக்களே. முதல்ல நம்பரு. எட்டு டிகிரி, நாலு... ஏன் எழுதாம இருக்க? பேனா எழுதல்லியா?

செறுபுஷ்பம், இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா.

செறுபுஷ்பம்.